யானையைச் சுட்டுக் குறைக்கலாமா? தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு பதில்

ஓசூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. 2024 வறட்சியில் 200 யானைகளைச் சுட்டு மக்களுக்கு இறைச்சி கொடுக்கப் போவதாக ஜிம்பாப்வே அறிவித்தது. நமீபியாவும் 83 யானைகள் உட்பட 723 காட்டு விலங்குகளைக் கொல்ல முடிவெடுத்தது. அதைப் படித்துவிட்டுக் கேட்கிறார்: "நம்ம பக்கம் வருஷா வருஷம் ராகி அறுப்புக்கு மந்தை இறங்குது. பயிர் போகுது, ஆளும் சாகுறாங்க. அங்க மாதிரி இங்கயும் எண்ணிக்கையைக் குறைச்சா என்ன? அவங்க செஞ்சா நிர்வாகம், நாம செஞ்சா பாவமா? சுடக்கூடாதுன்னா கருத்தடை ஊசியாவது போடலாமே?"

கேட்டதில் தப்பே இல்லை. இதைக் கேட்டாலே அடிக்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ராகிக் கொல்லையில் ஒரு ராத்திரிகூடக் காவல் இருந்ததில்லை. நான் கால்நடை மருத்துவராகத் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டுக்கு மானாவாரிக் கொல்லையும் உண்டு. இரண்டு பக்கத்துக் கோபமும் எனக்குப் பழக்கம்தான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கையைக் குறைக்க மந்தையைக் கொல்வது நம் பக்கத்துக்கு நியாயமும் இல்லை, பயனும் இல்லை. அதற்காக, ஒரு குறிப்பிட்ட யானையைக் கொல்வது எந்த நிலையிலும் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். அப்புறம், "நாம் யானையைக் கொல்வதில்லை" என்று நாட்டில் பேசிக்கொள்கிறோமே, அது உண்மையில்லை. கொன்றுகொண்டுதான் இருக்கிறோம். யாரும் கையெழுத்துப் போடாமல் நடக்கிறது, அவ்வளவுதான்.

ஆப்பிரிக்காவிலிருந்து ஆரம்பிக்கலாம். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்கா சுமார் 20,000 சதுர கிலோமீட்டர். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களின் மொத்தப் பரப்பையும் கூட்டினால் அதில் பாதி வரும். சுற்றிலும் வேலி அடித்து, வறட்சியில் விலங்குகள் சாகக்கூடாது என்று உள்ளே ஆழ்துளைக் கிணறுகள் போட்டு நிறைய தண்ணீர்க் குட்டைகளை உண்டாக்கினார்கள். தண்ணீர் எல்லா இடத்திலும் கிடைத்ததும் யானைகள் பெருகின. அவை பெரிய மரங்களை முறித்துப் போட, அந்த மரங்களை நம்பியிருந்த பறவைகளும் மற்ற உயிர்களும் என்னவாகும் என்ற கவலை வந்தது. சுமார் 7,000 யானையைத்தான் இந்தக் காடு தாங்கும் என்று ஒரு கணக்குப் போட்டார்கள். 1967 முதல் 1994 வரை அந்தக் கணக்குக்காகக் கொல்லப்பட்ட யானைகள் 14,000க்கும் மேல்.

எப்படிக் கொன்றார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஹெலிகாப்டரால் ஒரு குடும்பத்தை ஒரே இடத்துக்கு ஓட்டி வந்து, மேலிருந்து ஸ்கோலின் என்ற மருந்தை ஊசித் துப்பாக்கியால் செலுத்துவார்கள். அது மயக்க மருந்து கிடையாது. தசைகளை மட்டும் செயலிழக்க வைக்கும். மனிதருக்கு அறுவை அரங்கில் அதைக் கொடுக்கும்போது, முதலில் மயக்கம் கொடுத்து, மூச்சுக்குக் குழாயும் தயாராக வைத்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். யானைக்கு அந்த வசதி ஏது? விழுந்து கிடக்கும், மூச்சுவிட முடியாது, நினைவு மட்டும் இருக்கும். கீழே ஆள் வந்து தலையில் சுடும் வரை அப்படித்தான். எதிர்ப்பு வந்த பிறகு அந்த மருந்தை விட்டுவிட்டு, ஹெலிகாப்டரிலிருந்தே நேராகத் தலையில் சுடும் முறைக்கு மாறினார்கள். வலியில்லாமல், சுத்தமாக, ஒரு மந்தையையே கொல்ல முடியும் என்று யாராவது சொன்னால், என் தொழில் அனுபவத்தில் அதை நம்ப மாட்டேன். படுத்திருக்கும் ஒரு மாட்டுக்கே அது எப்போதும் சரியாக அமைவதில்லை.

குடும்பத்தோடு கொன்றதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். யானைக் குடும்பம் என்பது கிழவி ஒருத்தி, அவளுடைய மகள்கள், பேரக் குட்டிகள். அதில் பாதியைக் கொன்று பாதியை விட்டால், மிச்சமிருப்பவை காலம் பூராவும் மிரண்டே வாழும், மனிதனைக் கண்டால் பாயும். அதனால் ஒன்றைக்கூட விடக்கூடாது என்றார்கள். ஆனால் சின்னக் குட்டிகளைக் கொல்ல மனமில்லாமல், காசும் வரும் என்று, வேறு பூங்காக்களுக்கு அனுப்பினார்கள். அதில் ஒரு கூட்டம் பிலானஸ்பெர்க் என்ற காப்பகத்துக்குப் போனது. பெரியவர்கள் யாரும் இல்லாமல் வளர்ந்த அந்த ஆண் குட்டிகளுக்கு மிக இளம் வயதிலேயே மதம் பிடித்து, மாதக் கணக்கில் நீடித்தது. 1992க்கும் 1997க்கும் இடையில் 40க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் குத்திக் கொன்றன. 1998இல் குரூகரிலிருந்து ஆறு முதிர்ந்த ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அந்தப் பயல்கள் அடங்கினார்கள். பெரிய ஆண் பக்கத்தில் இருந்தால் சின்ன ஆணின் மதம் தணிந்துவிடுகிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர்க் கதைக்கு வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் போனால் அது நேர்மையில்லை. கென்யாவின் சாவோ பூங்காவில் 1960களில் இதே விவாதம் நடந்தது. ரிச்சர்ட் லாஸ் என்ற விஞ்ஞானி, யானைகள் அளவுக்கு மீறிவிட்டன, கொஞ்சத்தைக் கொல்லத்தான் வேண்டும் என்றார். பூங்காவின் காப்பாளர் டேவிட் ஷெல்ட்ரிக், இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று மறுத்தார். ஷெல்ட்ரிக் சொன்னதுதான் நடந்தது. 1970-71 வறட்சியில் சுமார் 6,000 யானைகள் பட்டினியில் செத்தன. அதிகம் செத்தவை பெண் யானைகளும் குட்டிகளும். குண்டில் சாவதா, வயிறு ஒட்டிச் சாவதா, எது கொடுமை? இதற்கு எனக்கு உறுதியான பதில் கிடையாது. துப்பாக்கி பிடித்தவன் மட்டும்தான் பாவி என்று சொல்பவர்கள் சாவோவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

ஆக, அங்கே இந்தப் பேச்சுக்கு ஓர் அடிப்படை உண்டு. வேலி போட்ட காடு, மனிதன் கொடுத்த தண்ணீர், அதனால் பெருகிய யானை. போட்ஸ்வானா என்ற ஒரு நாட்டில் மட்டும் சுமார் 1,30,000 யானைகள் இருக்கின்றன. 2008இல் தென்னாப்பிரிக்கா எழுதிய புது விதிகள்கூட, வேறு எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான் கொல்லலாம் என்கின்றன. குரூகரில் செயற்கைத் தண்ணீர்க் குட்டைகளில் பலவற்றை மூடி, மொசாம்பிக் பக்கத்து வேலியில் ஒரு பகுதியையும் எடுத்துவிட்டார்கள். காரணத்தை உண்டாக்கியவர்கள் காரணத்தையே சரி செய்யப் பார்க்கிறார்கள். சரியான வரிசை அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது நம் ஊர்.

இந்தியா முழுவதற்கும், 2025இல் வெளியான மரபணு முறைக் கணக்கெடுப்புப்படி 22,446 யானைகள். தமிழ்நாட்டில் 2024 கணக்குப்படி 3,063. ஆசிய யானை 1986 முதல் அழியும் நிலையில் உள்ள விலங்குகளின் பட்டியலில் இருக்கிறது. பெண் யானை 20 மாதத்துக்கு மேல் சுமந்து, நாலைந்து வருடத்துக்கு ஒரு குட்டி போடுகிறது. ஆக, நம் பக்கத்தில் யானை "பெருகிவிட்டது" என்ற பேச்சில், எண்ணிக்கை கூடியதைவிட அவை கண்ணில் படும் இடங்கள் கூடியதுதான் அதிகம்.

பெங்களூருக்குத் தெற்கே இருக்கும் பன்னேருகட்டா காட்டுக்கும் நம் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, உரிகம் காடுகளுக்கும் இடையில் மாநில எல்லை வரைபடத்தில் மட்டும்தான் உண்டு. அக்டோபர், நவம்பரில் ராகிக் கதிர் முற்றும்போது மந்தைகள் கர்நாடகப் பக்கமிருந்து இறங்குகின்றன. நொகனூர், ஊடேதுர்க்கம், போடூர்பள்ளம், சானமாவு என்று காடு காடாகத் தாண்டி, சூளகிரி, ராயக்கோட்டை வரைக்கும் பரவி, பிப்ரவரி, மார்ச் வாக்கில் திரும்புகின்றன. சானமாவுக் காடு பேரண்டப்பள்ளிக்குப் பக்கத்தில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிற ஒரு துண்டுக் காடு. பகலில் அதில் படுத்துக்கிடந்துவிட்டு ராத்திரி கொல்லைக்கு வரும். லாரிகளை நிறுத்தி யானைகளைச் சாலை கடக்க வைக்கும் காட்சியை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஏன் ராகிக்கு இப்படி அலைகின்றன? யானை ஆய்வாளர் ராமன் சுகுமார் 1980களில் தமிழக, கர்நாடக எல்லைக் காடுகளில் செய்த ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. காட்டுப் புல்லைவிடப் பயிரான ராகியிலும் நெல்லிலும் புரதமும் சுண்ணாம்பும் உப்புச் சத்தும் அதிகம். ஒரு நாளைக்கு 150 கிலோ தின்ன வேண்டிய உடம்புக்கு, ஒரே இடத்தில் தலை குனிந்தால் போதும் என்கிற ஏற்பாடு. அவர் சொன்ன இன்னொன்று இதைவிட முக்கியம். கொல்லைக்குள் இறங்குவதில் பெண் மந்தைகளைவிட ஆண் யானைகள் பல மடங்கு முன்னே நிற்கின்றன. நல்ல தீனி தின்று உடம்பு ஏறினால் மதமும் நன்றாக வரும், பெண்ணும் கிடைக்கும். அதற்காக உயிரைப் பணயம் வைக்கும் புத்தி ஆணுக்குத்தான்.

அப்புறம் ஒரு புதுச் செய்தி, நம் பக்கத்துக்கே உரியது. நிஷாந்த் ஸ்ரீநிவாசையா என்ற ஆய்வாளரும் சகாக்களும் பன்னேருகட்டா, ஓசூர், தும்கூர் வட்டாரத்து ஆண் யானைகளை வருடக் கணக்கில் படமெடுத்துப் பின்தொடர்ந்து 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வழக்கமாகத் தனியாகத் திரியும் ஆண் யானைகள், ஊரும் வயலும் கலந்த இடங்களில் ஆண்களாகவே கூட்டம் சேர்ந்து நிலையாக வாழ ஆரம்பித்திருக்கின்றன. இளசுகள் பெரியவனோடு சேர்ந்து, எந்த ஏரிக்கு எப்போது போவது, ஆள் சத்தம் கேட்டால் எங்கே ஒதுங்குவது என்று கற்றுக்கொள்கின்றன.

இப்போது "குறைப்பது" என்றால் யாரைக் குறைப்பது, தம்பி? பயிரைத் தின்பது பெரும்பாலும் ஆண்கள். ஏற்கெனவே தந்தத்துக்காகப் பல பத்தாண்டுகள் ஆண்களைச் சுட்டுச் சுட்டு, தென்னிந்தியக் காடுகளில் பெண்ணுக்கு ஏற்ற ஆண் இல்லாமல் செய்தாயிற்று. நம் மேலகிரிக் காடும் காவிரிக் கரையும் அந்தக் கொள்ளையை நன்றாகவே பார்த்த இடங்கள். மிச்சமிருக்கும் பெரிய ஆணைச் சுட்டால், பிலானஸ்பெர்க்கில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும். வழிகாட்ட ஆளில்லாத இளசுகள் கொல்லைக்குள் நிற்கும். மந்தையைச் சுடலாம் என்றால், குறைவாகத் தின்னும் பெண்களையும் குட்டிகளையும் கொன்று, அதிகம் தின்னும் ஆண்களை விட்டுவைப்பதாக ஆகும். எந்தப் பக்கம் போனாலும் கணக்கு உதைக்கிறது.

காலியான இடம் காலியாகவே இருப்பதும் இல்லை. கர்நாடகாவின் ஹாசன் மாவட்டம் ஆலூரில் பயிர்ச் சேதமும் உயிர்ச் சேதமும் தாங்க முடியாமல், நிபுணர் குழு பரிந்துரைத்து, 2014இல் 22 யானைகளை மொத்தமாகப் பிடித்து அகற்றினார்கள். கொல்லவில்லை, பிடித்தார்கள். காட்டுக்குக் கணக்கு ஒன்றுதான். ஆனாலும் ஆலூர், சக்லேஷ்பூர் பக்கம் மோதல் நிற்கவில்லை, வேறு யானைகள் வந்தன. காபித் தோட்டமும் தண்ணீரும் நெல்லும் அங்கேயே இருக்கும்போது யானை ஏன் வராது?

நம்முடைய மக்னா கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தந்தமில்லாத அந்த ஆணை 2023 பிப்ரவரியில் பாலக்கோடு வனச்சரகத்தில் சின்னத்தம்பி என்ற கும்கியை வைத்துப் பிடித்து, ஆனைமலைக் காட்டில் வரகளியாறு பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். சின்னத்தம்பியே 2019 வரை கோவைப் பக்கத்துக் கொல்லைகளில் மேய்ந்து, பிடிபட்டு, கும்கியானவன்தான். மக்னா இரண்டு வாரத்துக்குள் மலையிறங்கி, பொள்ளாச்சி வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து கோவை நகர எல்லைக்கே வந்துவிட்டது. மறுபடி பிடித்து மானாம்பள்ளிக் காட்டில் விட்டார்கள். மறுபடி சரளப்பதி கிராமத்துக்கு இறங்கியது. ஜூலை கடைசியில் மூன்றாவது தடவை பிடித்துச் சின்னக்கல்லாறில் விட்டார்கள். பாலக்கோட்டுக்காரன் நிம்மதியாகத் தூங்கினான், சரளப்பதிக்காரன் விழித்திருந்தான். இடம் மாற்றுவதைக் கருணை என்று சொல்பவர்கள் இரண்டாவது ஊரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வரட்டும்.

பிடித்து முகாமில் அடைப்பது? கரால் என்ற மரக் கூண்டுக்குள் மாதக் கணக்கில் வைத்து அடக்கிக் கும்கியாக்குவதை நான் எதிர்க்கவில்லை. சில நேரம் அதுதான் இருப்பதில் நல்ல வழி. ஆனால் அதைக் கொல்லாமை என்று சொல்லக்கூடாது. அந்த யானை இனி காட்டில் அலையாது, அதன் பழைய வாழ்க்கை முடிந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் "இந்தியாவில் யானையைச் சுடவே முடியாது" என்று பலரும் நம்புகிறார்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் யானை முதல் அட்டவணையில் இருக்கிறது. 2016இல் பீகாரில் நீல்காய் மான்களைப் பயிர் தின்னும் தொல்லை விலங்காக அறிவித்துச் சுட்டுத் தள்ளினார்களே, அந்த மாதிரி யானையை அறிவிக்கச் சட்டத்தில் இடமே இல்லை. ஆனால் 11ஆவது பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட விலங்கு மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டது, அல்லது தேறவே முடியாத காயமோ நோயோ அதற்கு இருக்கிறது என்றால், மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் காரணத்தை எழுத்தில் பதிந்து கொல்ல அனுமதிக்கலாம். பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்று அவருக்குத் திருப்தி ஏற்பட்டிருக்க வேண்டும். தற்காப்புக்காக நல்லெண்ணத்தோடு கொன்றால் குற்றமில்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. 2017 ஆகஸ்டில் ஜார்க்கண்டின் சாகிப்கஞ்ச் பகுதியில், 15 பேரைக் கொன்ற ஒரு கொம்பனை இப்படித்தான் அதிகாரப்பூர்வமாகச் சுட்டார்கள்.

நான் அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஓர் உயிருக்கு மதிப்பு உண்டு என்பதால், பதினாறாவது ஆளை அதற்குப் பலி கொடுக்க எனக்கோ உங்களுக்கோ உரிமை வந்துவிடாது. ஆனால் அந்த அனுமதிக்கு மூன்று விஷயம் தேவை. அதே யானைதான் என்ற உறுதி வேண்டும். எல்லாக் கொம்பனும் ஒன்றுபோலத் தெரியும் ராத்திரியில் இது சாதாரணமில்லை. மற்ற வழிகளை நிஜமாகவே முயன்றிருக்க வேண்டும், கோப்பில் மட்டும் இல்லை. கடைசியாக, முடிவெடுத்தவர் பெயர் இருக்க வேண்டும், நாளைக்குக் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மந்தைக் கொலையில் முதல் இரண்டுக்கும் வழியே கிடையாது. குட்டி செய்த குற்றம் என்ன?

யாரும் பதில் சொல்லாத சாவுக்கு இப்போது வருகிறேன். 2023 மார்ச் 7, மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் காளிக்கவுண்டன்கொட்டாய். பயிரைக் காக்கச் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் மூன்று யானைகள் செத்துக் கிடந்தன. இரண்டு குட்டிகள் உயிரோடு, அம்மாவின் உடம்பைச் சுற்றிக்கொண்டு நின்றன. நிலத்துக்காரர் கைதானார். அடுத்த பத்துப் பதினைந்து நாளுக்குள் கம்பைநல்லூர் பக்கம் கெலவள்ளியில் ஏரிக் கரை ஏறிய ஓர் ஆண் யானை, தாழ்ந்து தொங்கிய உயர் அழுத்த மின்கம்பி உரசிச் செத்தது. இந்த இரண்டாவது சாவுக்கு எந்த விவசாயியையும் கைகாட்ட முடியாது. நாடு முழுக்க எடுத்தால், 2020 டிசம்பர் வரையிலான 11 ஆண்டுகளில் இயற்கைக்கு மாறாகச் செத்த 1,160 யானைகளில் 741 மின்சாரத்தால் செத்தவை. ரயில் 186, தந்த வேட்டை 169, விஷம் 64. வேட்டைக்காரனைவிட நாலு மடங்குக்கு மேல் மின்கம்பி கொன்றிருக்கிறது.

மின்சாரத்தில் செத்த யானையின் பிரேதப் பரிசோதனை எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். தும்பிக்கை நுனியில் கருகிய ஒரு கோடு. சில நேரம் வாயில் மென்றுகொண்டிருந்த ராகித் தாள் அப்படியே இருக்கும். கொல்வதா வேண்டாமா என்று நீங்கள் கேட்கிறீர்கள். இங்கே குறைப்பு வேலை ஏற்கெனவே நடக்கிறது. எந்த யானை என்று பார்ப்பதில்லை, அனுமதி இல்லை, கணக்கெடுப்பு இல்லை. மந்தையின் கிழவியானாலும் சரி, கொல்லைக்குள் காலே வைக்காத குட்டியானாலும் சரி, முதலில் தொட்டது எதுவோ அது போகும். குரூகர்க்காரர்களாவது பதிவேடு வைத்திருந்தார்கள்.

கம்பி கட்டினவனை மட்டும் திட்டி முடிக்க என்னால் ஆகாது. கட்டியது குற்றம், அந்தக் கம்பியில் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் செத்திருக்கலாம். அவன் நிலைமையையும் பாருங்கள். ரெண்டு ஏக்கர் மானாவாரி. ஆறு மாதக் களி அந்தக் கதிரில் இருக்கிறது. மூன்று மாதம் ராத்திரி பரணில், தகரம் தட்டி, பட்டாசு போட்டு, டார்ச் அடித்துக் காவல். பகலில் கூலி வேலை. பிள்ளை பள்ளியில் தூங்கி விழுகிறது. அறுத்துக் களத்தில் போர் போட்ட பிறகுகூட வந்து இழுத்துப் போகும். பட்டா யார் பெயரில் இருக்கிறது, அளந்தது யார், விஏஓ எப்போது வருவார் என்ற அலைச்சலுக்குப் பிறகு இழப்பீடு வரும், அல்லது வராது. குத்தகைக்கு உழுதவனுக்கும் காட்டோரத்தில் அனுபவத்தில் மட்டும் நிலம் வைத்திருப்பவனுக்கும் அந்த அலைச்சலுக்கே வழியில்லை. உயிர் போனால் 10 லட்சம் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் உயர்த்தியது. நல்லதுதான். நாட்டில் வருடத்துக்கு 500, 600 பேர் யானையால் சாகிறார்கள். அதில் காவல் பரணுக்குப் போனவர்களும் விடிகாலையில் வெளிக்குப் போனவர்களும் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆக, தர்மம் பற்றிய கேள்வியை நான் எங்கே வைப்பேன் என்றால், இதற்கு யார் விலை கொடுப்பது என்பதில் வைப்பேன். யானையைக் கொல்லக்கூடாது என்பது நாடு எடுத்த முடிவு. நானும் அதில் ஒருவன். அந்த முடிவின் செலவை அஞ்செட்டிக்காரனும் மாரண்டஹள்ளிக்காரனும் மட்டும் கட்டுகிறார்கள். பெங்களூரில் அடுக்கு மாடியில் இருந்துகொண்டு யானைப் படத்தைப் பகிர்பவருக்கு ஒரு காசு செலவில்லை. அவர் வீடு நிற்கும் இடம் முன்னாளில் யானை நடந்த இடமாகக்கூட இருக்கலாம், அது வேறு விஷயம். மற்றவர் தலையில் கட்டிய கருணை அதிக நாள் நிற்காது. ஒருநாள் அது கம்பியாக மாறும்.

என்ன செய்யலாம் என்றால், புதுசாக ஒன்றும் இல்லை. அகழி வெட்டினால் இரண்டு மழையில் மண் சரிந்து, யானை அதிலேயே வழி போட்டுக்கொள்ளும். பராமரிப்புக்குப் பணம் வைக்காமல் வெட்டுவது வீண். ஓசூர் வனக்கோட்டத்தில் போட்ட எஃகு வடக் கம்பி வேலி நன்றாக வேலை செய்கிறது, செலவு அதிகம், ஆனாலும் காட்டையும் ஊரையும் பிரிக்கும் சரியான கோட்டில் போட்டால் பணம் வீணாகாது. யானை நடக்கும் வழியை அடைத்துப் போட்டால், பக்கத்து ஊருக்குத் தள்ளிவிட்டதாகத்தான் ஆகும். தமிழ்நாடு 2023இல் மின்வேலிகளைப் பதிவு செய்யவும் ஒழுங்குபடுத்தவும் தனி விதிகள் கொண்டுவந்தது; இடைவெளி விட்டுத் துடிப்பாக வரும் சூரியசக்தி வேலி கொல்லாது, நேரடி லைன் கொல்லும். தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளை உயர்த்துவதற்கு எந்தத் தர்ம விவாதமும் தேவையில்லை, ஏணியும் ஆளும் போதும். 2022இல் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயத்தை 686 சதுர கிலோமீட்டரில் அறிவித்தார்கள். 2014இல் அறிவித்த காவிரி வடக்குச் சரணாலயத்தோடும் கர்நாடகக் காடுகளோடும் அது தொடர்ச்சியாகச் சேர்கிறது. காகிதத்தில் அருமையான ஏற்பாடு. காட்டுக்குள் உண்ணிச்செடி மண்டி, புல் முளைக்க இடமில்லாமல் கிடந்தால் சரணாலயப் பலகை யானைக்குச் சோறு போடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் நான் கேட்பது இழப்பீடு. அறுவடைக்கு முன்பே, சந்தை விலையில், உழுதவன் கையில், ஒரு மாதத்துக்குள். சத்தமில்லாத வேலை என்பதால் இதில் யாருக்கும் ஆர்வமில்லை.

கருத்தடை ஊசி கேட்டீர்கள். தென்னாப்பிரிக்காவின் மகலாலி காப்பகத்தில் 2000ஆம் ஆண்டிலிருந்து பன்றியின் சினைமுட்டைப் புரதத்தால் ஆன தடுப்பூசியைப் பெண் யானைகளுக்குத் தூரத்திலிருந்து எய்து போட்டு, பிறப்பைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். வேலி போட்ட சின்ன இடம், ஒவ்வொரு பெண்ணையும் பெயர் சொல்லி அடையாளம் தெரியும், வருடா வருடம் திரும்பப் போட வேண்டும். அஞ்செட்டிக் காட்டில் போன வருடம் ஊசி போட்ட அதே பெண்ணை இந்த வருடம் தேடிக் கண்டுபிடிப்பது நடக்கிற காரியமா? கண்டுபிடித்துப் போட்டாலும், யானை 60 வருடம் வாழும் உயிர். இன்றைக்குப் பிறப்பை நிறுத்தினால் பலன் தெரிய ஒரு தலைமுறை ஆகும். உங்களுக்கு ராகி இந்த நவம்பரில் வீடு சேர வேண்டும். அதோடு, கொல்லையில் நிற்பது பெரும்பாலும் ஆண். ஆணுக்கும் மதத்தைத் தணிக்கும் தடுப்பூசி ஒன்றை வளர்ப்பு யானைகளிடம் சோதித்திருக்கிறார்கள். அதுவும் திரும்பத் திரும்பப் போட வேண்டியது, அதனால் தீனி குறையப் போவதும் இல்லை.